மூன்று வேளை சுண்ணாம்பு

ஜூன் 3, செவ்வாய்

வாய்க்குள் போவதையெல்லாம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது மதுரை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் பர்வீன். என் மகள் ஸ்டெல்லா வயதுதான் இருக்கும், ஆனால் கண்டிப்பானவள். அவளுக்குக் காட்ட ஒரு அட்டவணை தனியாக இருக்கிறது. இந்தப் பழைய டைரி எனக்கு.

எழுதுவது எனக்குப் புதிதில்லை. மகளிர் காவல் நிலையத்தில் ஒன்பது வருடமாக ரைட்டர். பிலோமினா எழுதினால் கோர்ட்டில் நிற்கும் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவே சொல்வார்.

மார்ச்சில் ஆபரேஷன். வயிற்றைச் சுருக்கிக் குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். 114 கிலோவில் போனேன், இப்போது 93. இனி ஆயுளுக்கும் தினம் மூன்று வேளை கால்சியம் மாத்திரை. இரும்புச் சத்து மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்தது தீர்ந்துவிட்டது. இங்கே மெடிக்கல் ஷாப்பில் வேறு அட்டை கொடுத்து, கம்பெனிதான் வேறு, சரக்கு ஒன்றுதான் என்றார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து பொடியாக இருந்தது.

யூனிஃபார்மை இரண்டாவது தடவையாக டெய்லரிடம் பிடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மாத்திரையா அது. சாக்பீஸை ஒடித்து வைத்ததுபோல் இருக்கிறது. தண்ணீரோடு விழுங்கினால் நெஞ்சில் நிற்கிறது. கடித்தால் சுவர் சுண்ணாம்பை நக்கியது போல நாக்கு வறண்டுபோகிறது. ஏப்பம், உப்புசம். மூன்று நாளாக வெளிக்கும் போகவில்லை.

மூன்று வேளையும் போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மூன்று வேளையும். மதியம் போட்டது ஸ்டேஷன் பின்பக்கத்தில் வாந்தியோடு வந்துவிட்டது. வாயில் போட்டது போட்டதுதான் என்பதால் அட்டவணையில் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

காலை, மதியம். மாலை மாத்திரை கைப்பையில் இருக்கிறது. அப்புறம் போடலாம்.

இன்று அவர் வீட்டில் இருந்தார். என் வீட்டுக்காரர் சவரிராஜ் சமையல் மாஸ்டர். கல்யாணம், காதுகுத்து, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று ஊர் ஊராக ஆயிரம் பேருக்கு வடித்துக் கொட்டுகிறவர். ஆபரேஷன் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். "நான் ஆக்கிப் போட்டதுதான் உனக்கு வினையாயிருச்சா?" என்று கேட்டார். கடைசியில் கையெழுத்துப் போட்டார், ஆனால் மார்ச்சிலிருந்து எனக்கென்று அவர் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கஞ்சியை நான் காய்ச்சிக்கொள்கிறேன்.

அவர் வாயிலிருந்து 'அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தை வருவதைத் தவிர வேறு எதையும் தாங்கிக்கொள்வேன்.

ஜூன் 19, வியாழன்

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வெங்காயத்தை உரிக்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியில் ஒரு தொனி இருந்தது. பதிலைத் தெரிந்துகொண்டே கேட்கும் தொனி. இருபத்து மூன்று வருட சர்வீஸில் அதை நானே எத்தனை பேரிடம் உபயோகித்திருக்கிறேன். அட்டையை எண்ணுகிறாரா? எண்ணினாலும் சரியாகத்தான் இருக்கும். மூன்று குழி தினமும் காலியாகிறது. அதில் நான் கவனமாக இருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

இங்கேயே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டை மதுரைக்கு அனுப்பினேன். கால்சியம் 7.6. குறைந்தபட்சம் 8.5 இருக்க வேண்டுமாம். பர்வீன் போனில் கூப்பிட்டாள். மூன்று வேளையும் எடுக்கிறீர்களா என்று கேட்டாள். எடுக்கிறேன் என்றேன். வாந்தி, வயிற்றுக் கோளாறு ஏதாவது உண்டா என்றாள். இல்லை என்றேன். அதையே இன்னொரு தடவை கேட்டாள். இன்னும் இறங்கினால் படுக்க வைத்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கும், எலும்பு கரைய ஆரம்பித்தால் வெளியே தெரியாது என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவளும் என்னை நம்பவில்லை என்றுதான் படுகிறது.

ஜூன் 27, வெள்ளி

புகார் எழுதிக்கொண்டிருக்கும்போது வலது கை இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் கூம்பிப்போய் நின்றன. பேனா தரையில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் பயந்துபோய்ப் பார்த்தாள். இத்தனை வருடம் எழுதி எழுதித் தேய்ந்த கைம்மா என்று சிரித்து வைத்தேன். மிச்சத்தைக் கான்ஸ்டபிள் எழுதினாள்.

உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் கேட்பார்கள்.

எதற்கு ஆபரேஷன் செய்துகொண்டேன் என்பதை மறக்காமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன். போன வருடம், பெண்டாட்டியை அடித்துவிட்டு வந்தவன் ஒருவன் ஸ்டேஷன் வாசலிலேயே என் கையை உதறிவிட்டு ஓடினான். பத்தடி துரத்தினேன். அதற்குமேல் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனான்.

ஜூலை 1, செவ்வாய்

அவர் மதுரை போய் வந்தார். கல்யாண ஆர்டர் பேசப் போனாராம். ஆர்டர் பேசப் போகிறவர் சாமான் எழுதும் நோட்டை எடுக்காமல் போகமாட்டார். நோட்டு பீரோ மேலேயே கிடந்தது. சலவைச் சட்டை வேறு. எந்த மண்டபம் என்று கேட்டேன். பைபாஸ் பக்கம் என்றார். மண்டபத்துக்குப் பெயர் இல்லையா?

ஜூலை 4, வெள்ளி

போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போகிறார். அவர் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். நான்கு நாளில் ஐந்து முறை 'பி. மேடம்'. ஐம்பத்திரண்டு வயதில் யார் அந்த பி. மேடம்?

சாயந்திரம் ஓசூரிலிருந்து ஸ்டெல்லா பேசினாள். அப்பா என்னிடம் ஏதோ இங்கிலீஷ் வார்த்தைக்கு எழுத்துக் கேட்டாரும்மா, போனில் தேட வேண்டுமாம் என்றாள். என்ன வார்த்தை என்றேன். சட்டென்று, மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். மகளையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாரோ என்னவோ.

கேஸ் சிலிண்டர் வந்தது. தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூலை 5, சனி

ஆச்சரியம். காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் மோர் நீட்டினார். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்டு, வடிகட்டி, நீர்க்க. வெயில் ஜாஸ்தி, குடி என்றார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் கையால் எனக்கென்று ஒன்று. மூன்று தடவையாக வைத்து வைத்துக் குடித்தேன். லேசாக எலுமிச்சைப் புளிப்பு. நெஞ்சில் நிற்காமல் இறங்கியது.

ஜூலை 9, புதன்

காலையில் ஒன்று. ஸ்டேஷனுக்கு பாட்டிலில் ஒன்று. சாயந்திரம் ஒன்று. ஒருநாள் தவறவில்லை. இரும்புச் சத்து மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்று வேறு கேட்டார். அது எதற்கு அவருக்கு?

நான்கு மாதம் முகம் கொடுக்காத மனுஷன் திடீரென்று மூன்று வேளை மோர் கரைக்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. தப்பு செய்கிற ஆண் வீட்டில் நல்லவனாக நடப்பான். என் மேஜைக்கு வரும் பாதிப் புகாரில் பெண்கள் சொல்வது அதுதான்: "போன மாசம்தாம்மா எங்கிட்ட அவ்வளவு அன்பா இருந்தாரு."

மூன்று வேளையும் போட்டேன் என்று அட்டவணையில் எழுதினேன்.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டுத் துணி துவைத்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. கை இந்த வாரம் இழுக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நிதானமாக எழுதுகிறேன்.

அவர் பந்திக்கு எடுத்துப்போகும் மசாலாப் பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தேன். பட்டை, கிராம்பு டப்பாக்களுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. உள்ளே வெள்ளைப் பொடி. பெயர் எழுதவில்லை. மற்ற எல்லா டப்பாவிலும் அவர் பெயர் ஒட்டி வைத்திருப்பார். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை, சோடா இல்லை, சர்க்கரையும் இல்லை. லேசான புளிப்பு. மோரில் இருக்கும் அதே புளிப்பு.

வெளியே வந்து, டப்பா டப்பாவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டேன். "மசாலாதான், வேற என்ன" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே மாதம் ஸ்டேஷனுக்கு வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். புருஷன் ஏழு மாதமாகப் பாலில் விஷம் கலந்து கொடுத்திருக்கிறான். அவளுக்கும் விரல் நுனி மரத்துப்போனதுதான் ஆரம்பம். அப்புறம் முடி கொட்டியது. அந்த வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். 'எனக்காகப் பாசத்துடன் கொடுக்கிறார் என்று நம்பிக் குடித்தேன்' என்ற வரி அப்படியே ஞாபகம் இருக்கிறது.

ஒரு ஸ்பூன் பொடியைக் காகித உறையில் போட்டு, ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். டப்பாவை இருந்தபடியே துணி சுற்றி வைத்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

காலை மோரை வாங்கி, குடிப்பதுபோல் பின்பக்கம் போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். பாட்டிலில் இருந்தது ஸ்டேஷன் வேப்ப மரத்துக்குப் போனது. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

பொய் சொல்லும்போது என் குரல் நடுங்குவதில்லை. இதைக் கவனித்தேன்.

ஜூலை 30, புதன்

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் சொல்லலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். முகம் சரியில்லையே பிலோமினா என்று அவரே கேட்டார். வெயில் என்றேன். சொல்லிவிட்டால் அது புகார். புகாரானால் எழுத வேண்டியவள் நான். இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்திய மனிதரின் பெயரை எந்த இடத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியும். அதுதான் கையைப் பிடித்தது.

நாளை மறுநாள் மதுரையில் செக்கப். தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று சொல்வதற்குக் கொஞ்சம் அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கால்சியம் 8.8.

பர்வீன் சந்தோஷமாக ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினாள். வெளியே பத்துப் பேர் காத்திருந்ததால் அவசரமாகத்தான் பேசினாள். "மாத்துன மாத்திரை நல்லா ஒத்துக்குது போல மேடம். இப்ப வாந்தி இல்லைல்ல?" என்றாள். இல்லை என்றேன். என்ன மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எதிராளிக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது பழக்கம்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன். ஜூன் 14க்குப் பிறகு ஒரு கால்சியம் மாத்திரைகூட என் தொண்டையைத் தாண்டவில்லை. (இதை இப்போதுதான் எழுதுகிறேன்.) தாண்டாத மாத்திரை ரத்தத்தில் ஏறாது. விஷம் குடித்தவளுக்கும் ஏறாது. அப்படியானால் அந்தப் பொடிதான் ஏற்றியிருக்கிறது. கையிழுப்பு வந்தது ஜூன் 27ல். மோர் வந்தது ஜூலை 5ல். இந்தத் தேதிகளை நானேதான் எழுதி வைத்திருக்கிறேன். வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பேன்.

நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வாடிப்பட்டி தாண்டும்போது உடம்பெல்லாம் கோபமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று சாயந்திரம் நடந்ததை எழுதுகிறேன்.

உறையை மேஜையில் வைத்தேன். அவர் பொடியைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"மாத்திரைதான் புள்ள. பொடிச்சுப் போட்டேன்" என்றார்.

"எங்கிட்ட கேக்காம எனக்கு மருந்து குடுக்க நீங்க யாரு?"

"கேட்டா நீ போட்டுட்டேன்னுதான சொல்லுவ."

அவரே மெதுவாகச் சொன்னார். துவைக்கிற கல் பக்கத்துச் சாக்கடையில் வெள்ளை வெள்ளையாகக் கரைந்தும் கரையாமலும் மாத்திரைகள் கிடந்ததை ஜூன் மாதமே பார்த்திருக்கிறார். ஒருநாள் நான் கஞ்சி குடிக்கும்போது கை கூம்பிக்கொண்டதையும், நான் அதை முந்தானைக்குள் மறைத்ததையும் பார்த்திருக்கிறார். நானோ யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதை இந்த டைரியில்கூட எழுதாமல் விட்டிருந்தேன். காலி அட்டையை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய் பர்வீனைப் பார்த்திருக்கிறார். பி. மேடம் அவள்தான். ஸ்டெல்லாவிடம் எழுத்துக் கேட்டது மாத்திரையின் பெயருக்குத்தான். இந்த மாத்திரை உன் வயிற்றுக்கு ஆகாததாம், வேறு எழுதிக் கொடுத்தாள் என்றார். எழுதிக் கொடுக்கும்போதே, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாளாம்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வேணாம்னு நின்னவன் நானு. நானே வந்து மாத்திரை ஒத்துக்கலன்னு சொன்னா, பாத்தியா நான் சொன்னது சரியாப்போச்சுன்னு குத்திக் காட்டுறதா நீ நினைப்ப. அதான் வாய் வரல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. மே மாதத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். ஐந்து நாளாக மோரைச் சாக்கடையில் ஊற்றியதைச் சொன்னேன். நீங்கள் என்னைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் உறையை எடுத்து, நான் ஒட்டியிருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எவர்சில்வர் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். பக்கத்தில் பிரிக்காத மாத்திரை அட்டைகள். மோர் இல்லை. பூசைக்கு அவர் முதல் பூசை, நான் இரண்டாம் பூசை.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது மாத்திரையை நானே எடுத்தேன். பாதியாக உடைத்து, கால் மணி நேரம் விட்டு மீதி. வெறும் தண்ணீரில். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வாந்தி வரவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. சொல்வதற்கு வீட்டில் ஆள் இருந்தது, ஆனால் எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அரை நாள் லீவு போட்டு மதுரை போனேன். அட்டவணையை பர்வீன் முன்னால் வைத்து, இதில் ஜூன் 14க்கு மேல் இருக்கும் டிக் எல்லாம் பொய் என்றேன். இத்தனை வருடத்தில் வாக்குமூலம் வாங்கித்தான் பழக்கம். கொடுப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியாது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவர் கொடுத்துவிட்டுப் போன பழைய அட்டையை எடுத்துக் காட்டினாள். "இது கார்பனேட் மேடம். இது கரைய வயித்துல அமிலம் வேணும். உங்களுக்கு இப்ப அது கம்மி. அதான் உப்புசம், மலச்சிக்கல், வாந்தி. கை இழுத்தது கால்சியம் கம்மியானதால, முடி கொட்டுறது எடை வேகமா குறைஞ்சதால. நாங்க எழுதினது சிட்ரேட். கடையில மாத்திக் குடுத்துட்டாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேன்."

ஒரு போன். வாந்தி எடுத்து, இரண்டு மாதம் பொய் எழுதி, கை கோணி, வீட்டுக்காரரைக் கொலைகாரனாக்கி. ஒரு போன்.

உங்கள் வீட்டுக்காரர் வந்தபோதே நான் உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும், என் தப்பும் இருக்கிறது என்றாள். பிறகு, "அவர் அன்னைக்கு என்ன கேட்டார் தெரியுமா மேடம்? மாத்திரையைப் பத்தி அஞ்சு நிமிஷந்தான். அப்புறம் அரை மணி நேரம், அவ என்னதான் சாப்பிடலாம், நான் எதைச் சமைச்சா இறங்கும்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நோட்டு கொண்டு வரலன்னு என்கிட்ட பேப்பர் வாங்கி எழுதிக்கிட்டார்" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஐந்து நாளாக மூன்று வேளையும். நிஜமாகவே மூன்று வேளையும். வியாழன் மதியம் மட்டும் குமட்டியது, போடவில்லை. போடவில்லை என்றே எழுதினேன்.

அவர் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார். வந்தால் பேச்சு 'ம்', 'சரி' அவ்வளவுதான். கோபம் என்றால் கையாளத் தெரியும். இது கோபம் இல்லை. நான் பக்கத்தில் போனால் எதையாவது எடுக்கப் போவதுபோல் எழுந்துவிடுகிறார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் தெருவில் ஒரு புதுநன்மை விருந்து. அவர்தான் சமையல். கூப்பிடாமல் போனேன், நேராக மண்டபத்தின் பின்பக்கம்.

மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காய் நறுக்கும் பெண்கள் என்னைப் பார்த்ததும் போலீஸ் வந்ததாகவே நினைத்து விலகி உட்கார்ந்தார்கள். அவர் குழம்பு அண்டா முன்னால் நின்றிருந்தார். பார்த்தார், திரும்பக் கிண்டினார். காய்கறி வந்த கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். உங்கள்மேல் சந்தேகப்பட்டதைக் கேட்காமல் இங்கேயே ஒளித்துவைத்தது தப்பு என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கேட்காமல் நீங்கள் மருந்து கலந்ததும் தப்பு, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன். பர்வீனிடம் போய் என் பொய்யைச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். அண்டாவில் கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் நின்றிருந்தது.

"இனிமே கலக்க மாட்டேன்" என்றார் கடைசியில், அண்டாவிடம் சொல்வதுபோல். கொஞ்ச நேரம் கழித்து, "நான் பேசாம இருந்தது அதுக்காக இல்ல. நீ அப்படி நினைச்சிட்டியேன்னுதான்" என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புச் சூடாகவும் இருக்கலாம்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பந்தி ஆரம்பித்து, ஒரு வரிசை முடிந்து, இலை எடுத்தார்கள். அப்போதுதான் என் பக்கம் திரும்பி, "என்ன சாப்பிடுற?" என்று கேட்டார்.

ஐந்து மாதமாக யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் நான் சொல்லி வந்த பதில், எல்லாம் சாப்பிடுவேன், பசிக்கவில்லை என்பதுதான். இன்று, கறி நெஞ்சில் நிற்கிறது, பருப்பும் ரசமும் ஊற்றிக் குழைத்தால் நாலு ஸ்பூன் இறங்கும், சில நாள் அதுவும் இல்லை என்றேன்.

தனியாக ஒரு சின்னச் சட்டியில் சோற்றை மறுபடி வேகவைத்து மசித்துக் கொண்டுவந்தார். மிளகு குறைவாக. முதல் ஸ்பூனை நான் மெல்லும்வரை எதிரிலேயே நின்றார். இரண்டாவது இறங்கியது. மூன்றாவது பாதியில் நெஞ்சை அடைத்தது. முன்பென்றால் அவருக்காக இன்னும் இரண்டு வாய் தள்ளிவிட்டு, யாருமில்லாத பக்கமாகப் போயிருப்பேன்.

"போதுங்க, இறங்கல" என்றேன்.

சரி என்றார். தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மிச்சத்தை நின்றபடியே அவர் சாப்பிட்டார்.